கடல் கடந்த இல்லத்தில் பூசை மாடம்

இன்று எந்த ஆலயத்துக்குச் சென்றாலும், அர்ச்சனைத் தட்டுடன் நிற்கும் பெரியோர்களில் பலர் சொல்லும் பெயரும் நட்சத்திரமும் அவர்களுடையவை அல்ல. கடல் கடந்து வாழும் மகனுடையவை, மகளுடையவை, சில வேளைகளில் இன்னும் மடியில் ஏந்திப் பார்த்திராத பேரக் குழந்தையுடையவை. "பிள்ளை எங்கே இருக்கிறான்?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், முன்பெல்லாம் சென்னை, பெங்களூரு என்று விடை வரும். இப்போது சிட்னி, மெல்போர்ன், டொராண்டோ என்று வருகிறது. விடை சொல்லும் குரலில் பெருமை பாதி, ஏக்கம் பாதி.

வேலைக்கென்று ஓரிரண்டு ஆண்டு சென்று திரும்புவது வேறு. படிப்பையும் தொழில் திறனையும் காட்டி, மனைவி மக்களோடு ஒரு நாட்டில் நிலையாகக் குடியேறுவது வேறு. பின்னதில் பிள்ளைகள் எதைக் கடக்கிறார்கள், அங்கே நம் வழிபாடும் மொழியும் எப்படி நிலைபெறுகின்றன, பெற்றோராகிய நாம் எங்கே நிற்கிறோம் என்பவற்றை ஒரு நாட்டை முன்வைத்து எழுத விரும்புகிறேன். அந்த நாடு ஆஸ்திரேலியா. என் மகன் குடும்பம் சிட்னியின் மேற்குப் பகுதியில் வாழ்கிறது. நானும் என் மனைவியும் மும்முறை சென்று தங்கியிருக்கிறோம்.

மூடியிருந்த கதவும் திறந்த கதவும்

ஆஸ்திரேலியா நமக்கு எப்போதும் திறந்திருந்த நாடு அன்று. 1901ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளையர் அல்லாதாரை வெளியே நிறுத்தி வைக்கவே உருவானது. 'நிறம் பார்த்து மறுக்கிறோம்' என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஐரோப்பிய மொழி ஏதேனும் ஒன்றில் 50 சொற்கள் கொண்ட பகுதியை அதிகாரி படிக்க, வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும் என்றது. எந்த மொழி என்பதை அதிகாரியே தேர்ந்தெடுப்பார். ஒருவரைத் தடுக்க வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டால், வந்தவருக்குத் தெரியாத மொழி ஒன்று அவர் கையில் எப்போதும் இருந்தது. அந்தச் சொல்லெழுத்துத் தேர்வு 1958இல் நீக்கப்பட்டது. 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்று பெயர் பெற்ற அந்தக் கொள்கையின் எச்சங்கள் 1973இல் முற்றிலும் கைவிடப்பட்டன.

இன்று நிலைமை தலைகீழ். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழும் இந்துக்கள் 6,84,002 பேர். மொத்த மக்களில் 2.7 விழுக்காடு. இந்தியாவில் பிறந்து அங்கே வாழ்வோர் 6,73,352 பேர். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, அந்நாட்டு மக்கள் பிறந்த நாடுகளில் மூன்றாம் இடம் இந்தியாவுக்கே. வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிந்தவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். அன்று மொழித் தேர்வால் மூடிய கதவு, இன்று ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்குவோருக்குத் திறக்கிறது.

மனிதரை எண்ணால் எடை போடுதல்

வங்கியில் கடன் கேட்டு வருவோரின் தகுதியை மதிப்பெண்ணிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில். ஒரு நாடு தன்னிடம் குடியேற வருவோரை அவ்வாறே மதிப்பிடுவதைக் கண்டபோது எனக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. வயது 25 முதல் 32 வரை இருந்தால் 30 புள்ளிகள். 33 முதல் 39 வரை 25. 40 முதல் 44 வரை 15. 45 நிறைந்துவிட்டால் இந்தப் பிரிவில் விண்ணப்பிக்கவே இயலாது. இளநிலைப் பட்டத்துக்கு 15, ஆங்கிலத்தில் மிக உயர்ந்த தேர்ச்சிக்கு 20, பணி அனுபவத்துக்கும் வாழ்க்கைத் துணையின் தகுதிக்கும் தனித்தனிப் புள்ளிகள். விண்ணப்பிக்கக் குறைந்தது 65 வேண்டும். ஆனால் அழைப்பு வருவதற்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

இதற்கும் முன்னே ஒரு படி உண்டு. அவரவர் தொழிலுக்குரிய அமைப்பு 'இவர் தகுதியானவர்தாம்' என்று சான்றளிக்க வேண்டும். கட்டடப் பொறியாளனாகிய என் மகன், தான் செய்த மூன்று பணிகளைப் பற்றித் தனித்தனிக் கட்டுரைகள் எழுதி, பொறியாளர் அமைப்பிடம் அளித்தான். திருச்சியில் அவன் மேற்பார்வையில் எழுந்த ஒரு பாலத்தைப் பற்றியும் அதில் எழுதியிருந்தான். நாள்தோறும் நாங்கள் கடந்து செல்லும் அந்தப் பாலம்தான் அவனை எங்களிடமிருந்து அக்கரை சேர்த்தது என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள்.

முதல் ஈராண்டு

விமானத்திலிருந்து இறங்கும் விசாவில் 'நிரந்தரக் குடியிருப்பு' என்று இருந்தாலும், வாழ்க்கையில் முதலில் நிரந்தரமாக இருப்பது நிச்சயமின்மைதான். வாடகை அங்கே வாரக் கணக்கு. வீட்டைப் பார்ப்பதற்குக் குறித்த நேரத்தில் இருபது முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். முந்தைய வாடகை வீட்டாரின் பரிந்துரை, சம்பளச் சீட்டு எல்லாம் கேட்பார்கள். நேற்று வந்திறங்கிய குடும்பம் இவற்றுக்கு எங்கே போகும்? முன்பணம் மட்டும் ஒழுங்குக்கு உட்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது நான்கு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது; வீட்டுக்காரரின் கையில் தங்காமல் அரசிடம் வைப்பாக இருக்கும்.

என் மகனுக்கு ஐந்தாம் மாதத்தில் வேலை கிடைத்தது. 'உள்ளூர் அனுபவம் உண்டா?' என்ற ஒரே கேள்வியில் பல நேர்காணல்கள் முடிந்திருந்தன. ஆயினும் உண்மையான சோதனை என் மருமகளுக்கு வந்தது. அவள் பல் மருத்துவர். திருச்சியில் எட்டு ஆண்டுகள் சொந்தமாக மருத்துவம் பார்த்தவள். இந்தியப் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் ஆஸ்திரேலியாவில் நேரடியாகத் தொழில் செய்ய முடியாது. முதலில் சான்றிதழ் மதிப்பீடு, அடுத்து எழுத்துத் தேர்வு, அதன் பின் மெல்போர்னில் செய்முறைத் தேர்வு. பொம்மைத் தலையில் பொருத்திய செயற்கைப் பற்களில் சிகிச்சை செய்து காட்ட வேண்டும். இவற்றில் தேறிய பின்னரே பதிவு கிடைக்கும். தேர்வுக் கட்டணங்களும் மிக அதிகம்.

அதுவரை சும்மா இருக்க மனமின்றி, ஒரு பல் மருத்துவ நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். தானே செய்து பழகிய சிகிச்சைக்குப் பிறர் கேட்கும் கருவிகளை எடுத்துக் கொடுத்தாள். அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர், அவள் மருத்துவர் என்பதை அறிந்திருந்தும், நோயாளிகள் முன்னிலையில் கடிந்து பேசியதுண்டு. இதைக் கேள்வியுற்ற சம்பந்தி அம்மாள் திருச்சியிலிருந்து தொலைபேசியில் அழுதார். "டாக்டரென்று தலை நிமிர்ந்து நடந்த பெண்ணை இந்த நிலையில் வைத்திருக்கிறீர்களே" என்று என் மனைவியிடம் கேட்டார். பதில் சொல்ல எங்களால் இயலவில்லை. திரும்பி வந்துவிடலாமா என்று பிள்ளைகளும் ஒரு முறை யோசித்தார்கள்.

முதல் செய்முறைத் தேர்வில் அவள் தேறவில்லை. இரண்டாம் முறைக்கு ஆயத்தமான ஆறு மாதமும் நாங்கள் அங்கே இருந்தோம். குழந்தையைக் காப்பகத்தில் நாள் முழுதும் விட்டுவிட்டுப் படிப்பதற்கு அவர்களிடம் பணவசதி இல்லை. என் மனைவி சமையலையும் குழந்தையையும் ஏற்றுக்கொண்டாள். பள்ளியில் கொண்டு விடுவதும் அழைத்து வருவதும் என் பொறுப்பு. மருமகள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பூசை மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் மேசை போட்டு, செயற்கைப் பற்களில் பயிற்சி செய்வாள். அந்தச் சிறு இயந்திரத்தின் ஒலிதான் எங்களுக்குத் திருப்பள்ளியெழுச்சி. இரண்டாம் முறை தேறினாள். இன்று பதிவு பெற்ற மருத்துவராகப் பணிபுரிகிறாள். தன் அறையில் உதவிக்கு நிற்கும் பெண்ணை அவள் எப்போதும் பெயர் சொல்லி, 'தயவு செய்து' என்ற சொல்லோடுதான் அழைக்கிறாள் என்று மகன் சொன்னான்.

ஆலயங்கள் எழுந்த கதை

கோயில் இல்லாத ஊரில் குடிபுகுவதை நம் முன்னோர் விரும்பியதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு முதலில் சென்ற நம்மவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. ஊரும் தேட வேண்டியிருந்தது, கோயிலும் கட்ட வேண்டியிருந்தது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், காடு சூழ்ந்த இடத்தில், வேங்கடேசப் பெருமாளுக்கு ஆலயம் எழுப்பி 1985இல் கும்பாபிஷேகம் கண்டார்கள். அதே வளாகத்தில் சிவபெருமானுக்கும் சந்நிதி உண்டு. மெல்போர்ன் நகரின் கேரம் டவுன்ஸ் பகுதியில் சிவ விஷ்ணு ஆலயம் இருக்கிறது. அரனும் அரியும் ஒரே கூரையின் கீழ் எழுந்தருளியிருக்கும் இந்த அமைப்பு வெளிநாடுகளில் பரவலானது. சிறுபான்மையாக வாழும் இடத்தில் சைவர் தனியாகவும் வைணவர் தனியாகவும் நின்றால் இரண்டு ஆலயங்களும் எழ மாட்டா என்பதை அந்த முன்னோடிகள் உணர்ந்திருந்தார்கள்.

சிட்னியின் மேற்கே மேஸ் ஹில் குன்றின் மீது முருகன் கோயில் கொண்டுள்ளான். சைவ மன்றம் என்னும் அமைப்பு அதை நடத்துகிறது. போரினால் ஊரையும் உறவையும் இழந்து வந்த இலங்கைத் தமிழ் அன்பர்களின் உழைப்பு அந்த ஆலயத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகச் சென்றவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து உயிர்தப்பிச் சென்றவர்களும் அங்கே ஒரே பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சந்நிதியில் நின்றபோது, பாராயணம் செய்த ஒரு முதியவரின் உச்சரிப்பைக் கேட்டு நான் வியந்தேன். அத்தனை தெளிவு. ஹோம்புஷ் பகுதியில் கற்பக விநாயகரும் அருள்பாலிக்கிறார்.

இந்த ஆலயங்களில் நான் கண்ட ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். மடைப்பள்ளியில் காய் நறுக்குபவர் வாரநாள்களில் ஒரு நிறுவனத்தின் மேலாளர். காலணி வைக்கும் இடத்தைக் கூட்டுபவர் மயக்க மருந்து நிபுணர். குழந்தைகளும் பெற்றோருடன் வந்து தட்டுகளை அடுக்குகிறார்கள். கூலிக்கு ஆள் வைத்தால் செலவு தாங்காது என்பது ஒரு காரணமாகத் தொடங்கியிருக்கலாம். இப்போது அதுவே உழவாரப் பணியாக நிலைத்துவிட்டது. நம் ஊர்க் கோயிலில் தரிசனம் முடித்து உடனே வீடு திரும்பும் என் மகன், அங்கே மாதம் ஒரு ஞாயிறு பாத்திரம் தேய்க்கிறான்.

பஞ்சாங்கம் மாறும், திதி மாறாது

அங்கே செல்லும் பெரியோர்கள் பலர் இங்கே அச்சான பஞ்சாங்கத்தையே பெட்டியில் எடுத்துச் செல்கிறார்கள். அதை அப்படியே பின்பற்றினால் விரத நாள் தவறக்கூடும். சிட்னி நேரம் நம் நேரத்துக்கு நாலரை மணி முந்தியது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் ஐந்தரை மணி முந்தியிருக்கும். திதி பிறக்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. சூரிய உதயம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஓர் உதாரணம். ஏகாதசித் திதி திருச்சியில் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி அளவில் சூரியன் உதிக்கும்போது ஏகாதசி இருப்பதால், அன்றே விரத நாள். அதே கணத்தில் சிட்னியில் காலை 8.30 ஆகியிருக்கும். அங்கே சூரியன் உதித்தபோது இருந்தது தசமி. எனவே அவர்களுக்கு மறுநாள் உதயத்தில்தான் ஏகாதசி வாய்க்கும். அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் இவ்வாறு கணக்குப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். அந்தந்த நகரத்துக்கென்று கணித்த பஞ்சாங்கங்களை அங்குள்ள ஆலயங்களில் கேட்டுப் பெறலாம்.

இராகு காலமும் அப்படியே. பகற்பொழுதை எட்டாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு அது. நம் ஊரில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் ஒன்றரை மணி. சிட்னியில் டிசம்பர்ப் பகல் 14 மணி 25 நிமிடம். ஆகவே இராகு காலம் ஒரு மணி 48 நிமிடம் நீளும். ஜூன் மாதத்தில் பகல் 10 மணிக்கும் சற்றுக் குறைவு. அப்போது ஒரு மணி 14 நிமிடமே.

பருவங்களும் இடம் மாறி நிற்கின்றன. பனியில் நடுங்கிக் கோலமிடும் மார்கழி, அங்கே கடும் கோடை. 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கெல்லையான பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. நம் கணக்கில் அது மார்கழி மாதம். ஆடிக் கூழ் காய்ச்சும்போது அங்கே கம்பளிச் சட்டை வேண்டும். சூரியன் வானத்தின் வடபுறமாகச் செல்வதால், வடக்குப் பார்த்த வீட்டில்தான் குளிர்காலத்தில் வெயில் விழும். வீட்டு விளம்பரங்களில் 'வடக்குப் பார்த்தது' என்று சிறப்பாகக் குறிப்பிடுகிறார்கள். வாசல் எத்திசை என்று முதலில் கேட்கும் நம் பெரியோர்களுக்கு அங்கே விளக்கம் சொல்வது பிள்ளைகளுக்கு ஒரு தனி வேலை.

வீட்டுப் பூசையில் கவனிக்க வேண்டியவை

கூரையில் புகை உணர் கருவி இல்லாத வீடு அங்கே இல்லை. முதல் வெள்ளிக்கிழமை என் மனைவி சாம்பிராணி போட்டதும் அது வீடே அதிரக் கூவியது. அன்று முதல் தூபம் பின்புற முற்றத்தில். விளக்கைத் திரைச்சீலைக்கு அருகில் வைக்காமலும், ஆளில்லாத வீட்டில் எரியவிடாமலும் இருக்க வேண்டும். மரச் சட்டங்களால் எழுப்பிய வீடுகள் அவை. துளசிச் செடி குளிர்காலத்தில் வாடும். தொட்டியில் வளர்த்து, வெயில் விழும் சன்னலோரம் வைத்துக் காக்கிறார்கள். செம்பருத்தி நன்றாகப் பூக்கிறது.

விமான நிலையத்தில் உயிர்ப் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமையானது. உணவு, விதை, இலை, மரத்தால் செய்த பொருள் எதுவாயினும் பயணிகளுக்கான படிவத்தில் 'உண்டு' என்று எழுதிக் காட்டிவிட வேண்டும். காட்டிய பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டால் நட்டம் பொருளோடு போகும். மறைத்துக் கண்டுபிடித்தால் அபராதம் விதிப்பார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாவிலை, வெற்றிலை, பூமாலை, பழம் ஆகியவை வேண்டாம். பசுஞ்சாணம், கோமியம் சார்ந்த பூசைப் பொருள்களையும் தவிர்த்துவிடுங்கள். உருத்திராட்சமும் விதையே, அணிந்திருந்தாலும் எழுதிக் காட்டுவது நல்லது. பிரசாதத்தை மறைத்துக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போகவிடுவதை எந்தத் தெய்வமும் விரும்பாது.

பேரப் பிள்ளைகளின் நாவில் தமிழ்

எங்கள் பேரன் நான்கு வயதில் சென்றான். ஆறு வயதில் நாங்கள் பார்த்தபோது தமிழைப் புரிந்துகொண்டான். ஆங்கிலத்தில் விடை சொன்னான். பள்ளியில் தோழர்கள் கேலி செய்ததால் நெற்றியில் திருநீறு இடவும் மறுத்தான். மகன் வற்புறுத்தப் பார்த்தான். நான் தடுத்தேன். இரவில் கதை சொல்வதை மட்டும் என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். "தாத்தா தமிழில் மட்டும்தான் கதை சொல்வார்" என்பதே நிபந்தனை. பிரகலாதன் கதையில் தூணைப் பிளக்கும் கட்டத்தில் நிறுத்திவிடுவேன். மறுநாள் தமிழில் கேட்டால்தான் மீதி. மூன்றாம் வாரம் அவன் முழு வாக்கியமாகக் கேட்டான்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் சிட்னியில் பல பகுதிகளில் நடக்கின்றன. பாலர் மலர் பள்ளிகள் அவற்றுள் நெடுங்காலமாக இயங்குபவை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுத்து எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. எஸ்.பி.எஸ். என்னும் பொது ஒலிபரப்பு நிறுவனம் தமிழிலும் நிகழ்ச்சிகள் வழங்குகிறது. இத்தனை இருந்தும், வீட்டில் பேசாத மொழி பள்ளியில் தங்காது. திருநீறு கதைக்கு வந்தால், பேரன் இப்போது ஞாயிறன்று கோயிலில் தானே எடுத்து இட்டுக்கொள்கிறான்; திங்களன்று இடுவதில்லை. அதை அவன் வளர்ச்சிக்கு விட்டிருக்கிறோம்.

நாம் செல்வதா, இருப்பதா?

பிள்ளைகள் நிலைபெற்றதும் எழும் கேள்வி இது. "அப்பா, அம்மா, இங்கேயே வந்துவிடுங்கள்" என்று என் மகனும் கேட்டான். விதிமுறைகளை ஒரு கடன் விண்ணப்பத்தை ஆராய்வதுபோல் ஆராய்ந்தேன்.

பெற்றோர் நிரந்தரமாகக் குடியேற, பொதுவாகத் தம் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிலைத்திருக்க வேண்டும். எங்களுக்கு மகன் அங்கே, மகள் கும்பகோணத்தில். ஆகவே தகுதி உண்டு. மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் அங்கே என்றால் கிடையாது. சாதாரணக் கட்டணப் பிரிவில் காத்திருப்புக் காலம் 30 ஆண்டுக்கு மேல் என்று அந்நாட்டு உள்துறையே அறிவித்திருக்கிறது. அறுபத்தாறு வயதுக்காரர் இதைப் படித்துச் சிரிக்கத்தான் முடியும். கூடுதல் கட்டணப் பிரிவில் ஒருவருக்கு 45,000 டாலருக்கும் மேல் செலவாகும்; அதிலும் காத்திருப்பு 10 ஆண்டைத் தாண்டுகிறது. 2019இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசா, மூன்று அல்லது ஐந்து ஆண்டு தங்க இடமளிக்கிறது. மொத்தம் 10 ஆண்டு வரை. எங்களைப் போன்றோர் பலர் பார்வையாளர் விசாவிலேயே சென்று வருகிறோம். அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு இந்தியப் பார்வையாளர்களுக்குக் கிடையாது. புறப்படும் முன் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் மூன்று மாதத்துக்கு மட்டும் கொண்டு செல்லலாம்.

பணமும் சட்டமும் ஒருபுறம். மறுபுறம், பகல் பத்து மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் நிலவும் அமைதி. பால்காரர் இல்லை, பூக்காரி இல்லை, கோயில் மணியும் கேட்காது. "ஒரு குரல் கேட்டால் போதும்" என்று என் மனைவி ஒருநாள் மதியம் சன்னலருகே நின்று கண் கலங்கினாள். அதே மனைவிதான், ஸ்ரீரங்கம் திரும்பியதும், பேரனின் பழைய சட்டையை மடித்து வைத்தபடி மௌனமாக அமர்ந்திருந்தாள். எங்கே இருந்தாலும் மனத்தின் பாதி வேறிடத்தில்தான்.

யாரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒன்றையும் நாங்கள் பேசினோம். எங்களுக்கு இறுதி நேரிட்டால் என்ன செய்வது? அங்கே நேர்ந்தால், ஆவணங்கள் முடிந்து தகனம் நடக்கச் சில நாள்கள் ஆகும். அதுவும் மின்தகன மேடை போன்ற அமைப்பில்தான். இங்கே நேர்ந்தால், மகன் சிங்கப்பூர் வழியாகத் திருச்சி வந்து சேர ஒரு நாள் ஆகிவிடும். எங்கள் குடும்பப் புரோகிதரைக் கேட்டோம். மகன் வரத் தாமதமானால் பங்காளி ஒருவர் தொடங்கி வைக்கலாம், வந்தபின் மகன் தொடரலாம் என்றார். யார் முடிவெடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, மருத்துவமனையில் எந்த அளவுக்குச் சிகிச்சையை நீட்டிப்பது என்பவற்றைத் தாளில் எழுதி, மகன், மகள் இருவரிடமும் கொடுத்துவிட்டேன். மகன் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பின்னர் என் மனைவிதான் முடிவைச் சொன்னாள்: "கால் நடக்கும்வரை போய் வருவோம். நடக்காதபோது காவிரிக் கரையில் இருப்போம்." அதுவே எங்கள் முடிவாயிற்று. எல்லாருக்கும் இதுவே பொருந்தும் என்பதில்லை. ஒரே பிள்ளை உள்ளவர்களுக்கும் துணையை இழந்து தனித்திருப்பவர்களுக்கும் கணக்கு வேறு.

வங்கியாளனாகச் சில சொற்கள்

வெளிநாட்டில் குடியேறிய பிள்ளையின் இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய கணக்காக மாற்ற வேண்டும். பழைய கணக்கையே தொடர்வது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். அதன்பின் 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' அட்டை பெற்று விசா இன்றி வந்து போகலாம். ஆனால் விளைநிலம் வாங்க முடியாது. பிள்ளைகளின் அவசரத் தேவைக்காகக் குடியிருக்கும் வீட்டை விற்று அனுப்பாதீர்கள். நமக்குப் பின் அவர்கள் அதை முறைப்படி விற்றால், வரி செலுத்திய பின் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை கொண்டு செல்ல வழி இருக்கிறது. உயிலைத் தெளிவாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

புறப்படும் பிள்ளைக்குத் தங்கத்தைவிட ஒரு சிறு வெண்கல விளக்கும், குலதெய்வத்தின் படமும், வீட்டில் வழிவழியாக வரும் விரதங்களையும் திதிகளையும் நம் கையால் எழுதிய ஒரு குறிப்பேடும் கொடுத்தனுப்புவோம். அவர்கள் முதல் வீடு சிறியதாக இருக்கும். ஆடை அலமாரியின் ஒரு தட்டே பூசை மாடம் ஆகும். அதில் அந்த விளக்கு எரிந்தால் போதும். அவர்கள் தொழில் செழிக்கவும், இல்லறம் தழைக்கவும், குழந்தைகள் நலம் பெறவும் எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.